மாதத்துக்கு நீளம் இல்லை

வயிறு தெரியத் தொடங்கியதும் தில்லியில் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கித்னே மஹீனே?" எத்தனை மாதம்? காய்கறி வண்டிக்காரர் கேட்டார், லிஃப்டில் கூட வந்த பெண் கேட்டாள், வாசலில் நிற்கும் காவலாளி பையாவும் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இருபத்திரண்டு வாரம்" என்பேன். அவர்கள் மனசுக்குள் வகுத்துப் பார்த்துத் தோற்றுப்போய், "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு நகர்வார்கள். அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இந்த எரிச்சலுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று என் வேலை. இன்னொன்றைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

குர்கானில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். நினைவூட்டல் அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. நாளைக்குப் பல் டாக்டரைப் பார்க்கவேண்டும், சந்தா முடியப்போகிறது, மாத்திரை தீரப்போகிறது என்று உங்கள் போனுக்கு வரும் செய்திகளில் சில எங்கள் கைங்கரியம். நிரல் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பத் தேவைப்படும் காரியத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டு, எல்லோரும் அதையே எடுத்துப் பயன்படுத்துவார்கள். அதற்கு லைப்ரரி என்று பேர். என் பொறுப்பில் இருந்த லைப்ரரி ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்தது. "எவ்வளவு நேரம்" என்பதைக் கணினிக்குச் சொன்னது.

இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். என் மாமனார்கூட அப்படித்தான் கேட்டார். முன்பெல்லாம் எங்கள் நிரல்களில் நேரம் வெறும் எண்ணாகவே இருந்தது. முப்பது என்று எழுதுவார்கள். எழுதியவர் மனசில் முப்பது வினாடி. அதை வாங்கிப் படிக்கிற நிரலோ மில்லி வினாடி என்று எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் ஒருநாள், பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு என்று சொல்லி வைத்திருந்த நிரல், பொறுக்கவே பொறுக்காமல் ஒரு மனிதருக்கு "உங்கள் பல் டாக்டர் காத்திருக்கிறார்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர் போனை அணைத்துவிட்டு நேராக டாக்டரிடமே போய்ச் சண்டை போட்டாராம். அதற்குப் பிறகுதான் என்னிடம் வேலையைக் கொடுத்தார்கள். இனி வெறும் எண் செல்லாது, வினாடியா நிமிடமா என்று வாய்விட்டுச் சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்று அந்த லைப்ரரியைத் திருப்பி எழுதினேன்.

வினாடியில் தகராறு இல்லை. நிமிடத்திலும் மணியிலும் இல்லை. நாள் என்று வந்ததும் முதல் சண்டை. நம் ஊரில் நாள் என்றால் இருபத்து நாலு மணி நேரம். சில நாடுகளில் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளி வைப்பார்கள், அந்த நாட்களில் ஒரு மணி கூடும் அல்லது குறையும். எங்கள் வாடிக்கையாளர்களில் அந்த ஊர்க்காரர்களும் உண்டு. ஆகவே நாளை நீளமாக எடுத்துக்கொள்ளாதே என்றேன் நான். மாதம் என்று வந்தபோது சண்டை முற்றிவிட்டது.

என் டீம் லீட் ராஜௌரி கார்டனில் பிறந்து வளர்ந்த பஞ்சாபி. நல்ல மனுஷர், அவசரக்காரர். "தீஸ் தின் மான் லோ, யார். பாத் கதம்" என்றார். முப்பது நாள் என்று வைத்துக்கொள், பேச்சு முடிந்தது என்கிறார். அதைப் போய் பிப்ரவரியிடம் சொல்லுங்கள் என்றேன். ஜனவரி முப்பத்தொன்றோடு ஒரு மாதம் கூட்டினால் எந்தத் தேதி, அங்கிருந்து ஒரு மாதம் கழித்தால் கிளம்பின இடத்துக்குத் திரும்பி வருவோமா என்று கேட்டேன். கடைசியில் லைப்ரரியில் மாதத்துக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. நிரலின் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். அதன் சாரம்: மாதத்துக்கு நீளம் இல்லை, எந்த நாளிலிருந்து என்று சொல்லாமல் மாதத்தைக் கேட்காதே.

"தேதியைக் கொடுத்தால் மாதத்தைக் கணக்கிட்டுச் சொல்கிற மாதிரி தனியாக ஒன்று எழுதலாமே, ஆட்கள் கேட்கிறார்கள்" என்று அவர் விடாமல் நச்சரித்தார். பிறகு பார்க்கலாம் என்று தட்டிக்கழித்தேன். எனக்கு மாதம் என்ற சொல்லையே பிடிக்காமல் போயிருந்தது.

அதற்குத்தான் இரண்டாவது காரணம். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு கர்ப்பம் கலைந்தது. அப்போது நானும் ஊரோடு சேர்ந்து மாதத்தில்தான் எண்ணினேன். அஞ்சாம் மாசம் என்று திருச்சியிலிருந்து தில்லி வரை எல்லோருக்கும் சொல்லி முடித்த அடுத்த வாரமே போய்விட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்களும் "அஞ்சு மாசம் ஆயிடுச்சேம்மா" என்றுதான் தொடங்கினார்கள். மாதம் என்று சொன்னால் அடுத்த மாதமும் நிச்சயம் உண்டு என்பதுபோல் ஒலிக்கிறது. வாரம் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. இந்தத் தடவை எனக்கு இந்தக் குழந்தை வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு வாரம் கூடினால் அது போதும் என்றிருந்தேன். வீட்டிலும் சட்டம் போட்டுவிட்டேன். என்னிடம் யாரும் மாதக் கணக்கு பேசக்கூடாது.

வீடு என்பது கிட்வாய் நகரில் அரசுக் குடியிருப்பு. கணவர் மத்திய அரசில் ஒரு அமைச்சகத்தில் வேலை பார்க்கிறார். கோப்பில் ஒரு தேதி மாறியிருந்தால் சாப்பாடு இறங்காத ஆள். அவரைச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து நடந்த கூத்து அவரால்தான்.

பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, "தில்லியை விட்டு நகரக்கூடாது, அலுவலகத்துக்கும் வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை பார்" என்று சொல்லிவிட்டார். ஆகவே தாய்வீடே ரயிலேறி வருவதாக ஏற்பாடு. ஐப்பசி கடைசியில் திருச்சியிலிருந்து அம்மா போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"மாப்ள, ஏழாம் மாசத்துல நான் அங்க இருக்கற மாதிரி ஒரு டிக்கெட் போட்ருங்க. வளைகாப்பு பண்ணிடலாம்."

"போட்டுடறேன் அத்தை. நீங்க கவலைப்படாதீங்க."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சட்டத்துக்குப் பயந்து அவர் கேட்கவில்லை. டாக்டர் சீட்டில் கடைசி மாதவிலக்குத் தேதி என்று இருந்த ஜூன் பத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தாம் தேதியாகத் தாண்டி, ஏழு முழுதாக முடிகிற ஜனவரியில் போய் நின்றார். அம்மா அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிற மாதிரி, முன்பதிவு திறந்த அன்றே கீழ்ப் படுக்கை வாங்கிவிட்டார். பெருமையாக வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தார். கால் மணி நேரத்தில் போன் வந்தது, எனக்கு.

"என்னடி, உன் புருஷனுக்கு ஏதாச்சும் கோளாறா? மார்கழில யாராச்சும் வளைகாப்பு பண்ணுவாங்களா?"

அம்மாவின் கணக்கு வேறு. வைகாசி கடைசியில் தொடங்கியது என்பதால் வைகாசி முதல் மாதம். அதில் எனக்குக் கிடைத்தது நாலே நாள்தான், ஆனாலும் அவளுக்கு அது முழு மாதம். அங்கிருந்து ஆனி, ஆடி என்று வந்தால் கார்த்திகை ஏழு. அவள் நடக்கிற மாதத்தை எண்ணினாள், இவர் முடிந்த மாதத்தை எண்ணினார். இரண்டு பேரும் ஏழு என்றுதான் சொன்னார்கள். நான் வேலை பார்க்கிற இடத்தில் பல் டாக்டர் விஷயத்தில் நடந்தது என் வீட்டிலேயே நடந்திருந்தது.

"தத்கால்ல பாக்கறேன் அத்தை, இல்லன்னா பிளைட்டு" என்று அவர் தவித்தார். அம்மா பிளைட்டில் ஏறமாட்டாள், அது வேறு கதை. மாற்றவேண்டாம், இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. கை நிறைய வளையல் அடுக்கி, பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, அதற்குப் பிறகு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வளையல்களை நான் எப்படிக் கழற்றுவேன்? அதை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் புரிந்துகொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதிகம் கத்தாமல், "சரி, தை பொறக்கட்டும். ஒம்பதாம் மாசம் ஆயிடும். அதுவும் ஒத்தப்படைதான்" என்று முடித்துக்கொண்டாள்.

ஜனவரிப் பனிமூட்டத்தில் ரயில் எப்போது வரும் என்று சொல்ல எந்த லைப்ரரியாலும் ஆகாது. அம்மா காலையில் வரவேண்டியவள், இருட்டின பிறகு மஃப்ளருக்குள் மூக்கு மட்டும் தெரிய வந்து இறங்கினாள். மறுநாளே எதிர்வீட்டு ஆண்ட்டியோடு சிநேகமாகிவிட்டாள். ஆண்ட்டி மீரட்டுக்காரர். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது, ஆண்ட்டிக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் பச்சைப் பட்டாணி உரிக்கத் தெரியும், அது போதுமானதாக இருந்தது. குளிர்காலத்தில் தில்லியில் எல்லோர் வீட்டிலும் பட்டாணிதான். எங்கள் பால்கனியில் வெயில் விழுகிற நேரத்தில் ஒரு குவியலைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் கால் நீட்டிக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு நான்.

ஒருநாள் அவர்களுக்குள் தகராறு வந்தது. குழந்தை எத்தனை மாதம் வயிற்றில் இருக்கும் என்பதுதான் தகராறு. அம்மா பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஆண்ட்டி சிரித்துக்கொண்டே அதில் ஒரு விரலை மடக்கிவிட்டார். அம்மா அதை நிமிர்த்தினாள். ஆண்ட்டி மறுபடி மடக்கினார்.

"நௌ மஹீனே, பெஹன்ஜி. பூரி துனியா மே நௌ."

"என்னடி சொல்றா இவ? ஒம்பதா? பத்து மாசம் சொமந்து உன்னப் பெத்துருக்கேன், எனக்குத் தெரியாதா?"

என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். டாக்டர் கணக்கில் நாற்பது வாரம். நாலு நாலு வாரமாகப் பிரித்தால் அம்மா சொல்கிற பத்து. காலண்டரில் வைத்துப் பார்த்தால் ஆண்ட்டி சொல்கிற ஒன்பதும் சில்லறையும். காலம் ஒன்றுதான், நீங்கள் இருவரும் வெவ்வேறு அளவு மாதத்தை வைத்துக்கொண்டு அளக்கிறீர்கள் என்று இரண்டு மொழியிலும் விளக்கினேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, மறுபடி விரலை மடக்கவும் நிமிர்த்தவும் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தேன், உள்ளே இருந்தவளும் ஓர் உதை விட்டாள்.

தை பிறந்தது. மாதக் கடைசியில் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். திருச்சியிலிருந்து பஞ்சு சுற்றி எவர்சில்வர் சம்படத்தில் கொண்டுவந்திருந்த கண்ணாடி வளையல்களை அம்மா எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். ஒன்றுகூட உடையவில்லை என்று சொன்னாள். நானும் கொஞ்சம் தைரியமாகிவிட்டேன். முப்பது வாரம் தாண்டியிருந்தது. இனி என்ன ஆகிவிடும் என்று ஒருநாள் நினைத்தும்விட்டேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. கணவர் அலுவலகம் போய்விட்டார். மீட்டிங்கில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். அவள் அதுவரை கற்றிருந்த ஹிந்தி ஒரே சொல். அதைத்தான் கதவைத் தட்டித் தட்டிச் சொன்னாள்.

"ஜல்தி! ஜல்தி! ஜல்தி!"

ஆண்ட்டி கேள்வியே கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியோடு வந்தார். வெளியே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் என்னைத் திரும்பிப் பார்த்து, "பஸ், பாஞ்ச் மினிட், பேட்டா" என்றார். இந்த ஊரில் எலெக்ட்ரீஷியன் சொல்கிற ஐந்து நிமிடமும் ஆட்டோக்காரர் சொல்கிற ஐந்து நிமிடமும் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டாலே கோபம் வருகிற ஆள் நான். அன்று ஆண்ட்டி அதைச் சொல்லச் சொல்ல எனக்கு ஆறுதலாக இருந்தது. சொல்லாமல் ஓட்டியிருந்தால் அழுதிருப்பேன்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு ஓர் ஊசி போட்டார். குழந்தையின் நுரையீரல் இன்னும் முதிரவில்லை, இந்த ஊசி அதை முதிர வைக்கும், ஆனால் மருந்து வேலை செய்யக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும் என்றார். அதுவரை குழந்தை உள்ளேயே இருந்தால் நல்லது.

ஒரு நாள் என்றால் எவ்வளவு என்று குர்கானில் ஒரு மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டவள் நான். எங்கோ ஒரு நாட்டில் கடிகாரத்தைத் தள்ளி வைத்தால் நாள் ஒரு மணி நேரம் குறையும் என்று வாதாடியவள். இந்த நாள் குறையாமல் இருக்கட்டும், முழுசாக இருபத்து நாலு மணி நேரமும் இருக்கட்டும் என்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டு கிடந்தேன். கணவர் வந்துசேர்ந்தார். அவர் என் காலைப் பிடித்து விட்டுக்கொண்டே இருந்தார். அம்மா எங்கள் குலதெய்வத்தை ஒருமையில் திட்டிக்கொண்டிருந்தாள்.

நாள் முழுசாக இருந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பிறந்தாள். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மெலிசான ஓர் அழுகை கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதில்லை. உடனே தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

அடுத்த சில வாரங்கள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் கழிந்தன. கொஞ்சம் தேறியதும் குழந்தையை என் மார்பில் தோலோடு தோலாகப் படுக்க வைப்பார்கள். எறும்பு ஊர்கிற மாதிரி மூச்சு. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று முதல் நாள் கேட்டேன். அங்கிருந்த கேரளத்து நர்ஸ், "சேச்சிக்குக் கை வலிக்கற வரைக்கும்" என்றார். அலகு இல்லாத பதில். நான் ஆட்சேபிக்கவில்லை.

குழந்தை டாக்டர்தான் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். குறைப்பிரசவக் குழந்தைக்கு வயதை இரண்டு விதமாக எண்ணவேண்டுமாம். தடுப்பூசிக்குப் பிறந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது இதற்கெல்லாம் எந்த நாளில் பிறந்திருக்க வேண்டுமோ அந்த நாளிலிருந்து எண்ணவேண்டும். "இரண்டும் சரியான கணக்குதான். எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால்தான் அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள்" என்றார். நான் நிரல் தலைப்பில் எழுதி வைத்திருந்ததை ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் எழுதியபோது, மாதத்தை விரட்டுவதற்காக எழுதினேன். அவர் சொல்லும்போது அது வேறு மாதிரி கேட்டது. மாதம் என்று சொல்ல ஒரே ஒரு நாள் கையில் இருந்தால் போதும். முன்பு போன குழந்தைக்குப் பிறந்த நாள் என்று ஒரு நாளே இல்லை. எங்கிருந்தும் அதை எண்ண முடியாது. அதற்காகத்தான் எனக்கு இவ்வளவு நாளும் மாதத்தின் மேல் கோபம் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. இவளுக்கு நாள் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் டீம் லீடுக்குச் செய்தி அனுப்பினேன். மாதத்தை உள்ளே விடுங்கள், தொடக்க நாளைச் சொல்லாமல் கேட்டால் மட்டும் பிழை என்று நிறுத்துங்கள் என்றேன். உடனே கூப்பிட்டார்.

"நீங்களா பேசுறீங்க? இல்ல ஆஸ்பத்திரில ஆளை மாத்திட்டாங்களா?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, "பேட்டி கைஸி ஹை?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றேன். தேதியைச் சொல்லாமல் விட்டால் இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளலாமா என்று அந்த நேரத்திலும் பேரம் பேசிப் பார்த்தார். கூடவே கூடாது என்றேன். "அச்சா, இப்பதான் நம்ம ஆள்" என்று சிரித்தார். நான் விடுப்பில் இருக்கும்போதே அவரே உட்கார்ந்து எழுதி முடித்தார். சோதனைக்காக அவர் போட்டிருந்த இரண்டு தேதிகளில் ஒன்று என் மகள் பிறந்த நாள், மற்றது பிறந்திருக்க வேண்டிய நாள்.

பிப்ரவரிக் கடைசியில் வீட்டுக்கு வந்தோம். அம்மா ஊருக்குத் திரும்புகிற பேச்சையே எடுக்கவில்லை. பங்குனி பிறந்து மூன்றாம் நாள், அதாவது டாக்டர் முதன்முதலில் சீட்டில் எழுதிக் கொடுத்த பிரசவத் தேதியன்று, காலையில் நான் குளித்துவிட்டு வந்தால் கூடத்தில் மணை போட்டிருந்தது. தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், நடுவே அந்தச் சம்படம். எதிர்வீட்டு ஆண்ட்டி பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு சடங்கு உண்டாம்.

"என்னம்மா இது?"

"உக்காரு. டாக்டர் கணக்குல இன்னிக்குத்தான பத்து மாசம் முடியுது? கணக்குக்கு இவ இன்னும் உள்ளதான் இருக்கா."

"பத்து ரெட்டப்படையாச்சே."

"சாமிக்குத் தெரியும், போ. கைய நீட்டு."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கையை நீட்டினேன். அம்மா சந்தனம் பூசி, பச்சையும் சிவப்புமாக ஒவ்வொன்றாக ஏற்றினாள். ஆண்ட்டி அடுத்த கைக்கு ஏற்றினார். வளைகாப்பில் அடுக்குகிற வளையல் சத்தம் உள்ளே இருக்கிற குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள். நான் கையை அசைத்தேன். என் மகள் தூக்கத்திலிருந்து கண்ணைத் திறந்து, சத்தம் வந்த பக்கமாகக் கண்ணைத் திருப்பினாள். நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதேன். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அழாத, வளையல் ஒடஞ்சுரப் போவுது" என்றாள்.

அப்போதுதான் ஆண்ட்டி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "கித்னே மஹீனே கீ ஹோ கயீ ஹமாரி குடியா?" நம் பொம்மைக்கு எத்தனை மாதம் ஆச்சு?

"தோ மஹீனே" என்றேன். இரண்டு மாதம்.

கணவர் கேமராவோடு நின்றுகொண்டிருந்தவர் உடனே மனக்கணக்குப் போட்டார். "பொறந்த நாள்லேருந்து பாத்தா இன்னும் அஞ்சு நாள் கொறையுதே."

"கொறையட்டும்" என்றேன். "ரெண்டு மாசம்னே சொல்லுங்க."